நிரல் பொது, முகம் அமானிதம்



அடையாறில் கணினி பயிலும் மாணவர் ஒருவர் மஃரிபுக்குப் பின் என்னிடம் வந்தார். 2022 ஆகஸ்டில் எவரும் பதிவிறக்கும் வண்ணம் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷனையும், டிஃப்யூசர்ஸ் என்னும் திறந்த மூல நிரல் தொகுப்பையும் கொண்டு, படம் உருவாக்கும் கருவியொன்றைத் தாமே அமைத்திருந்தார். "உஸ்தாத், எல்லாம் இலவசம்தானே, இது கூடுமா?" என்று வினவினார்.

உயிருள்ளவற்றின் உருவங்கள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்கும் முன்னே இரு கேள்விகள் நிற்கின்றன.

முதலாவது, உரிமம். இலவசம் என்பதால் நிபந்தனை இல்லையென்று ஆகாது. அந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் உரிமம், பிறருக்குத் தீங்கிழைக்கும் பயன்பாட்டைத் தடுக்கிறது. அதைப் பயன்படுத்துபவர் அந்நிபந்தனைக்கு உடன்பட்டவராகிறார். ஒப்பந்தத்தைப் பேணுவது மார்க்கக் கடமை.

இரண்டாவது, முகம். நான்கைந்து புகைப்படங்கள் இருந்தாலே ஒருவரின் சாயலை இக்கருவிக்குக் கற்பித்துவிடலாம். அம்மாணவர் தம் சகோதரியின் படங்களால் கற்பித்திருந்தார். தீய எண்ணம் இல்லை. ஆனால் அவரிடம் அனுமதி கேட்கவும் இல்லை.

2022 ஜனவரி 1 அன்று, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 'புல்லி பாய்' செயலி முஸ்லிம் பெண்களின் படங்களை 'ஏலம்' என்று இழிவுபடுத்தியது. கைதானவர்களுள் பொறியியல் மாணவர்களும் இருந்தனர். அன்று திருடிய படங்களே போதுமாயின. இன்று, எடுக்கப்படாத படத்தையும் உருவாக்கலாம்.

பெற்றோரே, பிள்ளைகளின் திறமையைத் தடுக்காதீர்கள். கட்டடங்கள், வடிவக் கோலங்கள், பாட விளக்கப் படங்கள் எனப் பயனுள்ள பணிகள் ஏராளம். ஒன்றை மட்டும் கேளுங்கள்: "இதில் யாருடைய முகம் இருக்கிறது? அவரிடம் கேட்டாயா?"

பிறர் மானம் நம்மிடம் உள்ள அமானிதம். மறுமையில் அதற்கும் விசாரணை உண்டு.