பிளேட்லெட் குறைந்தால் டெங்கு மட்டும்தானா?

மழைக்காலத்தில் திருவள்ளூர் பக்கம் யாராவது காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி ‘பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?’ என்பதுதான். குறைந்திருந்தால் டெங்கு என்று முடிவுகட்டி, பப்பாளி இலைச் சாறு தேடக் கிளம்பிவிடுகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவருக்கோ அதே எண் இன்னொரு ஆபத்தையும் காட்டுகிறது: செப்சிஸ்.

‘ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுப்பாடு இழந்து சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தும் நிலை. 2017-ல் உலகம் முழுவதும் 1.1 கோடிப் பேர் செப்சிஸ் தொடர்பாக இறந்ததாக, ‘லான்செட்’ இதழில் 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

தட்டணுக்கள் இதில் எப்படி வருகின்றன? தொற்று முற்றும்போது நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிறு சிறு உறைகட்டிகள் உருவாகி, தட்டணுக்கள் அதிலேயே செலவாகின்றன. ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை அவசரமாகப் புதியவற்றை அனுப்புகிறது. இளம் தட்டணுக்கள் அளவில் பெரியவை. ஆகவே எண்ணிக்கை இறங்க, ‘எம்பிவி’ எனப்படும் சராசரி அளவு ஏறினால் மருத்துவர் உஷாராகிறார். சாதாரண சிபிசி ரிப்போர்ட்டிலேயே இரண்டும் இருக்கும், தனிச் செலவில்லை.

சிக்கல் வேறு இடத்தில். டெங்கு, ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சலிலும் தட்டணு குறையும். குழாயில் எடுத்த ரத்தம் நேரம் போகப் போக, தட்டணுக்கள் அதிலேயே ஊதிவிடும். கும்மிடிப்பூண்டியில் எடுத்த சாம்பிள் சென்னை லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் எம்பிவி பொய் சொல்லலாம்.

அதைவிட முக்கியம், ஒற்றை எண்ணுக்கு அர்த்தம் குறைவு. நேற்று 3 லட்சம், இன்று 1.6 லட்சம் என்றால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே வரும். மருத்துவர் கவலைப்பட வேண்டியது அந்தச் சரிவைப் பார்த்துத்தான். சிப்காட் உருக்காலையில் காலில் வெட்டுப்பட்டு, புண் சீழ்பிடித்தும் ஷிஃப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் ‘நேற்று’ ரிப்போர்ட் எங்கே இருக்கும்?

2022-ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்துக்குப் பெரிய பலம். அங்கு நோயாளியை அனுப்பும் கிளினிக்குகள், பழைய சிபிசி ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புவதைக் கட்டாயமாக்கலாம். ஆலைகளின் மருத்துவப் பரிசோதனை முடிவுகளைத் தொழிலாளியின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை, செய்யத்தான் ஆளில்லை.

காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழைக்கலாம்.