மனந்திரும்ப வேண்டியவர் யார்?

மனந்திரும்புதலைப் போதியாத திருச்சபை எங்கும் இல்லை. ஆயின், தனிமனிதனை மாறும்படி அழைக்கும் அதே திருச்சபை, தனது வழக்கை மாற்றுமாறு கேட்கப்படும்போது மரபைக் காட்டி மறுக்கின்றது. இம்முரண்பாடு கிறிஸ்தவத்தின் அடிப்படைக்கே மாறானதாகும்.

செசரியாவிலே கொர்நேலியு என்னும் உரோமப் படைத்தலைவனின் இல்லத்தினுள் பேதுரு நுழைந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. புறவினத்தாரோடு கலத்தல் ஆகாது என்பது அவர் வளர்ந்த வழக்கு. அன்று மாறியவன் கொர்நேலியு மாத்திரமல்லன். அப்போஸ்தலரான பேதுருவும் மாறினார். பின்னர் எருசலேமிற் கூடிய சங்கம், விருத்தசேதனத்தைப் புறவினத்தார்மீது சுமத்துவதில்லை எனத் தீர்மானித்தது. மாறிவந்த மனிதருக்காகச் சபையும் மாறியது.

மாற்றத்தால் மரபு அழியும் என்பார் உளர். கத்தோலிக்கர் இன்று தமிழிற் காணும் திருப்பலி, 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தத்தால் வந்தது. அதற்கு முன்னர் அது இலத்தீனில் நிகழ்ந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வளர்த்த சபைகள், 1947இல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயின. அன்றைய புதுமைகளே இன்று மரபெனப் போற்றப்படுகின்றன.

எனினும், இம்மாற்றங்கள் சாதியின் வாயிலில் தயங்கி நின்றன. ஞானஸ்நானத்திற் புதுப்பெயர் பெற்றவனும் பழைய சாதியையே சுமக்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களிற் சாதிக்கேற்ப இடம் வகுத்த காலமும் உண்டு. சாதியின் பெயரால் வழிபாட்டிடங்களில் மனிதரைத் தடுப்பதைக் குற்றமாக்க 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வேண்டியிருந்தது. அன்பைப் போதித்தோர் தாமே முன்வந்து முற்றாகச் செய்திருக்க வேண்டியதை அரசின் சட்டம் செய்தமை, திருச்சபைக்குப் பெருமை தருவதன்று. சட்டம் கதவைத் திறக்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களின் கலியாணப் பேச்சில் இன்றும் எழும் சாதிக் கேள்வியை அது தடுக்கமாட்டாது.

புதுமை யாவும் நன்மையென ஏற்கவேண்டியதில்லை. ஒரு வழக்கு எவரை வெளியே நிறுத்துகின்றது என்பதே அதனை அளக்கும் கோலாகும். ஞானஸ்நானத்தின்போது சாதி கேளாத போதகர், திருமணத்தின்போதும் சபை நிர்வாகத் தெரிவின்போதும் அது கேட்கப்படுவதை வெளிப்படையாகக் கண்டிக்கட்டும். அதுவரை, மனந்திரும்புமாறு பிறரை நோக்கி எழும் அழைப்பு முதலில் திருச்சபைக்கே உரியது.