ஆய்வறைக்குத் தெரிந்தது அடுத்த வீட்டுக்கும் தெரியட்டும்

1804 ஜூலையில் ஜேர்மனியின் ஆர் ஆறு பெருக்கெடுத்து 63 பேரைக் கொண்டுபோனது. 1910 ஜூனில் வெள்ளம் மறுபடி வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளர் பலர் அதில் மாண்டனர். பொன் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் தோமஸ் ரொகன்காம்பும் யூர்கன் ஹெர்கெட்டும் பழைய நீர்மட்டக் குறிகளையும் ஆவணங்களையும் தேடியெடுத்துக் கணக்குப் போட்டார்கள். 1804இல் விநாடிக்கு ஆயிரம் கன மீற்றருக்கு மேல் நீர் பாய்ந்திருக்க வேண்டும் என்று 2014இல் கட்டுரையும் வெளியிட்டார்கள். அரசின் வெள்ள அபாய வரைபடமோ 1947க்குப் பிந்தைய அளவீடுகளையே நம்பியது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளத்துக்கு அது வைத்த அளவு 241 கன மீற்றர்தான்.

2021 ஜூலை 14 இரவு 1804க்கு நிகரான வெள்ளம் வந்தது.

ஐரோப்பிய வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ரைன் ஆற்றுப் படுகைக்கு 10ஆம் தேதியே எச்சரிக்கை விடுத்திருந்தது. ஜேர்மன் வானிலைச் சேவையும் கடும் மழை வரும் என்றது. ஆயினும் ஆர் பள்ளத்தாக்கு அமைந்த ஆர்வைலர் மாவட்டத்தில் மக்களை வெளியேறச் சொன்னபோது இரவு 11 மணி தாண்டிவிட்டது. அப்போதும் ஆற்றின் இருபுறமும் 50 மீற்றருக்குள் இருப்பவர்களையே வெளியேறச் சொன்னார்கள். சின்ட்சிக் நகரில் மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த இல்லம் அந்த எல்லைக்கு வெகு அப்பால் இருந்தது. அங்கே கீழ்த்தளத்தில் 12 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். பள்ளத்தாக்கு முழுவதும் பலியானவர்கள் 130க்கும் மேல்.

ஜேர்மனியில் வாழும் தமிழர் சிலர் ஒன்றுகூடி விடுக்கும் இந்த வேண்டுகோளுக்கு அந்த இரவே காரணம். அறிவு இல்லாமல் எவரும் சாகவில்லை, இருந்த அறிவு வாசற்படி வரை வந்து சேராமல் செத்தார்கள் என்பது அவர்களின் உறுதியான எண்ணம். வெள்ளத்தில் மட்டுமல்ல இந்த நிலை: 2012இல் சார்ஸ் போன்றதொரு கிருமி பரவினால் என்ன ஆகும் என்று அரசு நிறுவனங்களே ஆராய்ந்து, அறிக்கை நாடாளுமன்றத்துக்கும் போனது. ஆனாலும் 2020இல் கொரோனா பரவியபோது முகக்கவசத்துக்கு நாடு திண்டாடியது.

ஈழத்தமிழருக்கு இது புதிய துயரமல்ல. 2004இல் சுமாத்திராவில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த நேரத்துக்குள் முல்லைத்தீவுக்கும் கல்முனைக்கும் சொல்ல ஆளில்லை. பின்னர் இந்தோனேசியாவுக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பை உருவாக்க உதவியது ஜேர்மனியின் பொட்ஸ்டாம் புவி ஆய்வு மையம். அத்தகைய நாட்டிலேயே ஆர் நதிக்கரை இருளில் விடப்பட்டது நெஞ்சை உறுத்துகிறது.

ஆய்வாளர்களிடமும் நகரசபைகளிடமும் இக்குழு கேட்பது ஒன்றுதான்: கண்டறிந்ததை அறிக்கையோடு விட்டுவிடாமல், தீயணைப்புப் படையினரையும் முதியோர் இல்லப் பணியாளர்களையும் தெருவாசிகளையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேசுங்கள். ஆயிரத்துக்கு மேல் கணக்கிட்டவர்களும் 241 என்று எழுதியவர்களும் வெள்ளத்துக்கு முன்பே நேருக்கு நேர் பேசியிருக்க வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பல நகரங்களின் கனமழை அபாய வரைபடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்; உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். தண்ணீர் ஏறும்போது பொருளை எடுக்கவோ காரை நகர்த்தவோ நிலவறைக்கு இறங்கவே வேண்டாம். இளையோர் தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேரட்டும். எந்த வீட்டில் எந்த அம்மம்மாவுக்கு ஜேர்மன் மொழி தெரியாது என்பது அவர்களுக்கே தெரியும்.

2023 பெப்ரவரி முதல் செயலி எதுவும் இல்லாமலே கைபேசிகளுக்கு அபாயச் செய்தி வருகிறது. நீனா என்ற அரசுச் செயலி பல மொழிகளில் கிடைக்கிறது, தமிழில் இல்லை. ஆகவே செப்டெம்பர் இரண்டாம் வியாழன், எச்சரிக்கை ஒத்திகை நாளில், காலை 11 மணிக்குக் கைபேசி அலறும்போது அது என்ன, அபாயம் உண்மையாகவே வந்தால் எங்கே போக வேண்டும் என்று தமிழ்ப் பள்ளிகளான தமிழாலயங்கள் முந்தைய வாரமே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும், பிள்ளைகள் அதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று இக்குழுவினர் கேட்டுக்கொள்கிறார்கள்.