ஸ்பேனரைச் சுவத்துல மாட்டாதீங்க

பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல பழைய ஸ்பேனர் தேடி வாங்குற டவுன் நண்பர்களே, அதைச் சட்டம் போட்டு ஹால் சுவத்துல மாட்டுறதுக்குப் பேரு பாதுகாக்கிறது இல்ல.

அதுல 1/2W னு குத்தியிருக்கான்னு பாருங்க. அது விட்வொர்த் அளவு. 1841ல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் சொன்ன மரைக் கணக்கு. அரை இஞ்ச் என்பது போல்ட்டோட தடிமன். ஸ்பேனர் வாய் 23 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. பாகூர், வில்லியனூர் பக்கம் பம்பு கொட்டகையில கிடக்கிற அந்தக்கால ஆயில் என்ஜினுக்கு அதுதான் சேரும். இப்பக் கடையில விக்கிற 24ஐப் போட்டா வழுக்கும், நட்டு மூலை உருண்டுபோகும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான். கரண்டு போய் நாத்து காயுற அன்னிக்கு உங்க சுவத்து அழகு யாருக்கு?

"நாங்க வாங்கலேன்னா காயலான் கடையில போய் உருகிடும்" னு சொல்வீங்க. நெசந்தான். கிலோ கணக்குல போடுறவன் எங்க ஊர்க்காரன்தான், அவனையும் திட்டணும். ஆனா உருகினாலும் சுவத்துல ஏறினாலும் என்ஜினுக்கு ஒண்ணுதான்.

வாங்க வேணாம்னு சொல்லல. வார்னிஷ் அடிக்காதீங்க, செட்டைப் பிரிக்காதீங்க. ஒரே அளவுல ரெண்டு இருந்தா ஒண்ணைக் கிராமத்துப் பட்டறையில குடுத்துட்டுப் போங்க.