'நைஸ்' என்றொரு சொல்



நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் எனக்கு ஒரு சொல்லின்மீது நெடுநாளாகவே கோபம் இருந்துவந்தது. 'நைஸ்' என்பதே அச்சொல். கோயில் திருவிழா எப்படி இருந்தது என்று கேட்டால் நைஸ். அம்மா அவித்த இடியப்பம் நைஸ். புதிதாகச் சேர்ந்த மாணவனும் நைஸ். கட்டுரைக் கொப்பிகளில் இச்சொல்லைக் கண்ட இடமெல்லாம் சிவப்பு மையால் வெட்டிவந்தேன். என் கோபத்துக்கு ஆதாரம் தேடப் போய், அதன் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது.

இலத்தீன் மொழியில் 'ஸ்கீரே' என்றால் அறிதல். அதன்முன் 'நெ' என்னும் எதிர்மறை சேர்ந்து, அறியாதவனைக் குறிக்கும் 'நெஸ்கியுஸ்' பிறந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் அது தேய்ந்து, மூடன் என்னும் பொருளோடு 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துள் புகுந்தது. மாணவர்களே, நீங்கள் பாடசாலையில் கற்கும் 'சயன்ஸ்' என்ற சொல்லும் அதே 'ஸ்கீரே'யின் வழித்தோன்றலே. அறிவும் அறியாமையும் ஒருதாய்ப் பிள்ளைகள்! 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் காலத்தில் ஒருவரை நைஸ் என்று அழைத்திருந்தால் சண்டைதான் மூண்டிருக்கும்.

பின்னர் அச்சொல் கூச்சம், அற்பம், எதிலும் குறைகாணும் குணம், நுட்பம் எனப் பல பொருள்களைச் சுமந்தது. 16, 17ஆம் நூற்றாண்டு நூல்கள் சிலவற்றில் அது எப்பொருளில் வந்தது என்று துணிவது அறிஞர்க்கும் அரிது. 'இனியது' என்னும் இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பரவிய வேகத்திலேயே அலுப்பும் தட்டியது போலும். ஜேன் ஆஸ்டின் எழுதி, அவர் மறைந்தபின் 1817இன் இறுதியில் வெளிவந்த 'நார்தாங்கர் அபே' நாவலில், ஒரு புத்தகத்தை மிகவும் நைஸ் என்று புகழும் இளம்பெண்ணை ஹென்றி டில்னி கேலி செய்கிறான். நேர்த்தி என்ற பொருளில் சொல்கிறாயானால், அது அட்டை கட்டியவரைப் பொறுத்தது என்கிறான். என் கோபத்துக்கு ஏறத்தாழ இருநூறு வயது என்று அப்போதுதான் அறிந்தேன்.

நம்மவர் பேச்சிலும் இச்சொல்லின் வாழ்வு விந்தையானது. தமிழ்நாட்டுச் சமையற் குறிப்புகளில் 'நைசாக அரைக்கவும்' என்று காண்கிறோம். ஆங்கிலப் பேச்சில் அருகிவிட்ட நுண்மைப் பொருள் நமது அம்மிக்கல்லில் அல்லவா பிழைத்திருக்கிறது! வேலை சொல்லும்போது நைசாக நழுவும் பிள்ளைகளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

சொற்பொருள் உயர்வதும் உண்டு, தாழ்வதும் உண்டு. 'நாற்றம்' என்றால் வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. ஆனால், திருமாலின் திருவாய் எவ்வாறு மணக்கும் என்று வெண்சங்கிடம் கேட்கும் ஆண்டாள், 'நாறு' என்னும் வினையையே ஆள்கிறாள்.

ஆதலால், ஆங்கிலச் சொல் என்பதற்காக மட்டும் 'நைஸ்' மீது கோபப்படுவதை நான் விட்டுவிட்டேன். அதற்கு ஈடாக 'நல்லது' என்று எழுதச் சொல்வதாலும் பயன் மிகுதியில்லை. 'நல்ல கோயில், நல்ல இடியப்பம், நல்ல மாணவன்' என்று எழுதினால் தமிழ் தூய்மையாகலாம். பிள்ளை கண்டதும் உண்டதும் அதில் எங்கே? வீட்டில் 'ஆங்கிலம் பேசாதே' என்று அதட்டும் பெற்றோர் பலர், பிள்ளை சொல்லவந்ததைக் கேளாமலே அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். நானும் அவ்வாறே செய்தவள்.

சென்ற ஆண்டு, தன் அப்பப்பாவை இழந்து சில கிழமைகளே ஆன ஒரு மாணவி, அவரைப் பற்றிய கட்டுரையில் 'அப்பப்பா நைஸ்' என்று எழுதியிருந்தாள். வழக்கம்போல் வெட்டினேன். அவள் கண் கலங்கியபின்தான் என் தவறு எனக்கு உறைத்தது. பக்கத்தில் அமர்ந்து, "எப்படி நைஸ், பிள்ளை?" என்று கேட்டேன். "மழை பெய்தால் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடிப்பார், ரீச்சர். அவருடைய தோள் நனைந்துவிடும்" என்றாள். அதையே எழுதச் சொன்னேன்.

இவ்வாண்டுக் கொப்பிகளிலும் 'நைஸ்' குறையவில்லை. நான் வெட்டுவதில்லை, ஓரத்தில் பென்சிலால் 'எப்படி?' என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.