வரிக்கும் வரிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடுங்க

1/ போன மாசம் காலை ஓபி நேரத்துல, திருப்புட்குழி பக்கத்துல இருந்து அறுபது வயசு தாண்டின ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறல். சுகர் பார்த்தா 52. குளுக்கோஸ் ஏத்தினதும் கொஞ்ச நேரத்துல எழுந்து உக்காந்துட்டாங்க. அவங்க போன்ல படிச்ச ஒரு பக்கத்தைப் பத்திதான் இந்த இழை.

2/ "மாத்திரை எப்படிம்மா போட்டீங்க?"
"போன்ல இருக்கிற மாதிரிதான் சார். எழுத்து தெரியலன்னேன், பேரன் பெருசாக்கிக் குடுத்தான்."
வெளியில வைத்தியம் பார்த்த இடத்துல மருந்துப் பட்டியலை ஒரு இணைய லிங்க்கா அனுப்பியிருக்காங்க. தமிழ்லதான். மேல 'ஏ+' பட்டன்கூட இருந்துச்சு.

3/ நானும் அந்தப் பட்டனைத் தட்டினேன். எழுத்து பெருசாச்சு. வரியோட உயரம் மட்டும் பழைய அளவிலேயே நின்னுடுச்சு. ஒரு வரி மேல அடுத்த வரி ஏறி உக்காந்திருக்கு. மேல் வரியில கிளிமிபிரைடு அரை மாத்திரை, கீழ் வரியில மெட்ஃபார்மின் ஒண்ணு. அந்த அம்மா கிளிமிபிரைடையே முழுசா ஒண்ணு போட்டிருக்காங்க. டிபனும் தள்ளிப் போயிருக்கு. எழுத்து மட்டும்தான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கண்ணு நல்லா இருக்கிற நானே அந்தப் பக்கத்துல ஒரு தடவை தடுமாறினேன்.

4/ ஏன் இப்படி ஆகுது? பக்கத்தை வடிவமைச்சவர் எழுத்து 16 பிக்சல், வரி உயரம் 20 பிக்சல்னு எண்ணாவே கட்டி வெச்சிருப்பார். எழுத்தை 28 ஆக்கினாலும் வரி உயரம் அதே 20. அப்புறம் வரிகள் மோதாம என்ன செய்யும்? வரி உயரத்தைப் பிக்சல்ல சொல்லாம "எழுத்தளவைப் போல 1.6 மடங்கு"ன்னு விகிதமா எழுதியிருந்தா, எழுத்தோட சேர்ந்து இடமும் வளர்ந்திருக்கும். மாத்த வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு வரி.

5/ தமிழுக்கு இது இன்னும் முக்கியம். நம்ம எழுத்துல மேலே புள்ளி வரும். று, ழு மாதிரி எழுத்துகளுக்குக் கீழே வால் இறங்கும். வரி நெருங்கினா மேல் வரி வால் கீழ் வரிப் புள்ளியில இடிக்கும். பெட்டியோட உயரத்தையும் கட்டி வெச்சிருந்தா தலையே வெட்டுப்படும். புள்ளி போனா 'கண்' வெறும் 'கண' ஆயிடும். ஆங்கிலப் பக்கத்துக்குப் போட்ட அளவுலேயே தமிழை ஊத்தினா இப்படித்தான் வழியும்.

6/ இனி கண். நாற்பது வயசுக்கு மேல கிட்டப் பார்வை குறையும். புரை விழுந்தா எழுத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் மங்கும். சர்க்கரை நோய் விழித்திரையோட நடுப்பகுதியைத் தாக்கினா, ஓரப் பார்வையை வெச்சுப் படிக்க வேண்டியிருக்கும். ஓரப் பார்வையில எழுத்துகள் நெருங்கி நின்னா ஒண்ணை ஒண்ணு மறைக்கும். ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரி ஆரம்பத்தைப் பிடிக்கிறதும் கஷ்டம். மருந்துப் பட்டியலை அதிகமாப் படிக்கப் போறவங்க யாரு? இவங்கதான்.

7/ புள்ளி இல்லாமலேயே நம்ம முன்னோர் படிச்சாங்களேன்னு கேக்கலாம். உண்மைதான். ஓலை கிழியும்னு சுவடியில புள்ளி வைக்கிறதைத் தவிர்த்தாங்க. சோழர் காலக் கல்வெட்டுகள்லயும் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எங்க மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பயிற்சி உள்ளவங்க இடம் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்க. மாத்திரை அளவை ஒரு பாட்டி அப்படி ஊகிக்கணுமா?

8/ இதுக்கு விதியும் இருக்கு. உலகளவிலான இணைய அணுகல் வழிகாட்டி 2018ல 2.1 பதிப்பா வந்துச்சு. வாசகர் வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.5 மடங்காவும், பத்தி இடைவெளியை 2 மடங்காவும் வெச்சாக்கூட எதுவும் மறையவோ வெட்டுப்படவோ கூடாது. எழுத்தை 200% பெருசாக்கினாலும் அப்படித்தான். நம்ம அரசு இணையதளங்களுக்கான 2023 வழிகாட்டியும் இதே பதிப்பை ஒட்டினதுதான்.

9/ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்துக்கும் பொருந்தும். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தர்ற வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு சொல்லிடுச்சு. ஆக இது யாரோ போடுற பிச்சை இல்ல.

10/ "இடம் விட்டா பக்கம் நீளமாகும் டாக்டர்"னு ஒரு டிசைனர் நண்பர் சொன்னார். ஆகட்டும். ரெண்டு தடவை கூடுதலா விரலால தள்ளினா யாருக்கும் மயக்கம் வராது. அதுக்காக அள்ளி விடவும் வேணாம். ரொம்ப விட்டா வரிகள் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம தனித்தனியா நிக்கும். என் கருத்து, தமிழுக்கு 1.6ல ஆரம்பிங்க, பத்திகளுக்கு நடுவுல அதைவிட அதிகமா விடுங்க, எழுத்து இருக்கிற பெட்டிக்கு உயரம் கட்டாதீங்க.

11/ நானும் யோக்கியன் இல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கு நான் தயாரிச்ச அறிவுரைத் தாள்ல எல்லாத்தையும் ஒரே பக்கத்துல அடைச்சிருந்தேன். அன்னைக்கு ராத்திரியே ரெண்டு பக்கமா மாத்தினேன். இப்ப "இது என்ன எழுத்து சார்?"னு கேக்கறவங்க குறைஞ்சிருக்காங்க.

12/ படிக்கிறவங்களுக்கு: மருந்து விவரம் போன்ல வந்தா ஒரு தாள்ல பெருசா எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. கேக்கறது உங்க உரிமை. பேரன் பேத்திகளே, எழுத்தைப் பெருசாக்கிக் குடுத்துட்டு ஓடாதீங்க. பக்கத்துல உக்காந்து ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க.

13/ பக்கம் செய்யறவங்களுக்கு: தமிழை வெச்சே சோதிங்க. 'ஏ+' பட்டனைக் கடைசி வரைக்கும் தட்டுங்க. அப்புறம் உங்க வீட்டுல வயசானவங்ககிட்ட போனைக் குடுத்து "எத்தனை மாத்திரைன்னு போட்டிருக்கு?"ன்னு கேளுங்க. அவங்க சரியாச் சொன்னா வெளியிடுங்க. தப்பாச் சொன்னா, அடுத்து அவங்களை மாதிரி ஒருத்தரை என்கிட்டதான் தூக்கிட்டு வருவாங்க.