மங்கிய முகத்தின் மதிப்பு

உலக வழக்கில், பழைய சாமானைப் புதுப்பித்தால் மதிப்பு ஏறுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம், நகைக்கு மெருகு போடுகிறோம், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். இந்த நியாயம் தலைகீழாக நிற்கும் சந்தை ஒன்று இருக்கிறது. கடலில் மூழ்குவோருக்காக ஸ்விட்ஜர்லாந்தில் செய்யப்பட்ட பழைய கைக்கடியாரங்களின் சந்தையே அது. அங்கே அழகுபடுத்தியவன் நஷ்டமடைகிறான். சும்மா இருந்தவன் லாபமடைகிறான்.

இக்கடியாரங்கள் டாம்பீகத்துக்காகப் பிறந்தவை அல்ல. முதுகில் காற்றுக் குப்பியுடன் மூழ்குகிறவன், நீருக்குள் எத்தனை நிமிஷம் இருந்தோம் என்பதை மறந்தால் பிராணனுக்கே ஆபத்து. 1953-ல் பிளாங்பேன் கம்பெனியார், பிரெஞ்சுக் கடற்படை வீரர்களின் தேவையை அநுசரித்து ஒரு கடியாரம் செய்தார்கள். 'பிஃப்டி ஃபாதம்ஸ்' என்பது அதன் பெயர். அதாவது ஐம்பது பாகம், சுமார் 91 மீட்டர் ஆழம். ரோலக்ஸ் கம்பெனியாரின் 'சப்மரீன'ரும் அதே காலத்தை ஒட்டித் தோன்றியதுதான். விளிம்பிலுள்ள வளையத்தைத் திருப்பி, அதன் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரே வைத்துவிட்டு மூழ்கினால், கழிந்த நேரம் ஒரே பார்வையில் தெரியும்.

உழைக்கப் பிறந்த கருவி அடிபடும், பழுதாகும், உறுப்புகள் மாறும். ஆகவேதான் ஒன்றும் மாறாமல் எஞ்சியது அபூர்வமாகிறது. 1970-களில் பிரிட்டிஷ் கடற்படை தன் வீரர்களுக்கு அளித்த சப்மரீனர்களுக்குத் தனி வகை முட்கள், தனி வகை வளையம், பின்புறத்தில் பொறித்த எண் எல்லாம் உண்டு. பிற்காலத்தில் பழுது பார்க்கப்பட்டபோது பலவற்றுக்குச் சாதாரண உறுப்புகள் பொருத்தப்பட்டுவிட்டன. மாறாமல் தப்பியவற்றுக்கே ஏலத்தில் போட்டி.

விலையை நிர்ணயிப்பதில் முகப்புக்கே முதலிடம். கறுப்பு முகப்பு வெயிலில் சீராகப் பழுப்பேறியிருந்தால், குறையே பெருமையாகி விலை கூடுகிறது. ஈரம் புகுந்து திட்டுத் திட்டாகக் கறைபட்டிருந்தால் விலை இறங்குகிறது. அடுத்தது, இருட்டில் ஒளிரும் பூச்சு. ஆதியில் ரேடியம் பூசினார்கள். 1960-களில் டிரிட்டியம் வழக்கத்துக்கு வந்தது. டிரிட்டியத்தின் வீரியம் பன்னிரண்டு வருஷத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பாதியாகிவிடும். எனவே 1970-ஆம் வருஷத்துக் கடியாரம் இன்று இருட்டில் ஜொலித்தால் சந்தோஷப்படுவதற்கில்லை. பின்னால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள்! மூன்றாவது, எஃகு உடலின் கூரிய ஓரங்கள். சாணை பிடித்தால் பளபளப்பு வரும். ஓரங்கள் தேய்ந்து உருவமே போய்விடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். வாங்கிய ரசீதும் உத்தரவாதச் சீட்டும் உடனிருந்தால் மதிப்பு இன்னும் உயரும்.

பணம் குவியும் இடத்துக்கு வஞ்சகமும் வந்து சேர்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலம் ஒன்றில், பழுப்பேறிய முகப்புள்ள ஒமேகா 'ஸ்பீட்மாஸ்டர்' கடியாரம் 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் விலை போயிற்று. அது மூழ்குவோர் கடியாரம் அல்ல. ஆயினும் பாடம் ஒன்றே. வாங்கியது ஒமேகா கம்பெனியே. தன் பொருட்காட்சிசாலைக்காக வாங்கியது. அது பல கடியாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒட்டிய போலி என்பது 2023-ல் வெளியாயிற்று. செய்தவர்களையே ஏமாற்றிய சரக்கு!

பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு தேதியைத் திருத்தினால், மற்ற வரிகள் மெய்யாயிருந்தும் முழுத்தாளும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. கடியாரத்தின் கதியும் அதுவே.

நேயர்களின் வீட்டுப் பெட்டியில் பெரியவர்கள் வைத்துப்போன பழைய கடியாரம் ஏதேனும் இருந்தால், அதை மெருகுக்குக் கொடுக்கவேண்டாம். பழுது பார்க்க நேர்ந்தால், கழற்றிய உறுப்புகளை ஒன்று விடாமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் நாளடைவில் தளர்ந்துவிடுமாகையால், கடலுக்கென்று செய்த கடியாரமானாலும் தண்ணீரில் நனைக்கலாகாது. குழந்தைகள் அதைத் திறக்கவும் விடக்கூடாது. ரேடியத்தின் ஒளி அவிந்தாலும் விஷம் அவியாது. அதன் வீரியம் பாதியாவதற்கே சுமார் 1,600 வருஷம் செல்லும். உதிரும் தூள் மூச்சில் போனால் தீங்கு.

விற்கிற எண்ணம் நமக்கு இல்லாமற் போகலாம். அப்போதும் அந்தக் கீறல்கள் அதை அணிந்தவரின் உழைப்பு இட்ட கையெழுத்து. சாணைக்கல்லில் அது அழிந்தால், எந்த ஏலத்திலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.